இன்-என்-அவுட் கலிபோர்னியாவை விட்டுப் போகிறதா?

இன்-என்-அவுட் என்பது அமெரிக்காவில் பல கிளைகள் கொண்ட பர்கர் உணவக நிறுவனம். “இன்-என்-அவுட் பர்கர் கலிபோர்னியாவில் கடைகளை மூடிவிட்டு டென்னசி மாநிலத்துக்குப் போகிறது” என்று 2025 ஜூலையில் இருந்து ஒரு செய்தி சுற்றுகிறது. டென்னசியில் சிலர் கொண்டாடினார்கள், கலிபோர்னியாவில் சிலர் கொதித்தார்கள். இரண்டு பக்கமும் நம்பியது தவறான தகவலை.

நடந்தது இதுதான். நிறுவனத் தலைவர் லின்சி ஸ்னைடர் ஒரு பேட்டியில், தன் குடும்பத்தோடு டென்னசிக்குக் குடிபெயர்வதாகச் சொன்னார். வீடு மாறுவது அவர்தான், நிறுவனம் இல்லை. பெரும்பாலான கடைகள் கலிபோர்னியாவிலேயே இருக்கும் என்று அதே பேட்டியில் சொல்லியிருந்தார். அந்த வரியை வெட்டிவிட்டுத்தான் செய்தியைப் பரப்பினார்கள்.

சரி, கலிபோர்னியாவின் அர்வைன் நகரில் உள்ள நிறுவன அலுவலகத்தை மூடுவதாகச் சொல்கிறார்களே? அது உண்மை. ஆனால் அந்த வேலைகள் போவது பால்ட்வின் பார்க்குக்கு. 1948-இல் முதல் கடை திறந்த ஊர் அது, கலிபோர்னியாவில்தான் இருக்கிறது.

டென்னசித் திட்டமும் புதிதல்ல. நாஷ்வில் அருகே பிராங்க்ளினில் கிழக்குப் பகுதி அலுவலகம் கட்டப்போவதாக 2023 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார்கள். அது கூடுதல் அலுவலகம், மாற்று அலுவலகம் அல்ல. இந்த நிறுவனம் கிளை உரிமையை வெளியாருக்கு விற்பதில்லை. இறைச்சியை உறைய வைப்பதும் இல்லை. தன் சொந்தக் கூடங்களில் தயாரித்துக் கடைகளுக்கு அனுப்புகிறது. அதனால் தொலைவான மாநிலத்துக்குப் போக, முதலில் அங்கே விநியோக ஏற்பாடு வேண்டும். டெக்சாஸுக்கு 2011-இல் போனபோதும் இப்படித்தான். அப்போதும் கலிபோர்னியாக் கடைகள் திறந்தே இருந்தன.