கடல்தான் இருக்கே, பூங்கா எதுக்கு?

போன கிராம சபைக் கூட்டத்தில் மழைத் தண்ணீர் தேங்குகிற ஊர்க் குளமான ஊருணியின் கரையைப் பூங்காவாக்க வேண்டும் என்று நாங்கள் மனு கொடுத்தபோது, ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து கேட்டது இது. "எட்டி நடந்தா கடல். இவ்வளவு பெரிய வெளி எந்த ஊருக்கு இருக்கு? இதுல பூங்கா வேற எதுக்கு?" கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு அங்கே சட்டென்று பதில் வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் மாதிரி ஊர்களில் கடற்கரை என்பது வேலை செய்கிற இடம். விடியுமுன் வள்ளம் தள்ளுவார்கள். வந்த மீனை அங்கேயே தரம் பிரிப்பார்கள். ஒரு பக்கம் வலை பிரித்துக் கிடக்கும், இன்னொரு பக்கம் கருவாடு காயும். மணலில் தூண்டில் முள்ளும் உடைந்த பாட்டிலும் புதைந்து கிடக்கும். பிள்ளையைச் செருப்பில்லாமல் ஓடவிட முடியாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கண்ணைத் திறந்து நிற்கவே முடியாது. வெயிலுக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது. பாசி எடுக்கப் போகிற அக்கா ஒருவர் சொன்னார்: "நாள் பூரா கடலுக்குள்ளதான் கெடக்கேன் தங்கச்சி. சாயங்காலமாவது ஒரு மரத்தடியில காலை நீட்டி உக்காரணும்." பெரியவர் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

எங்கள் ஊரை ஒட்டிய கடலிலேயே ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, 21 தீவுகளைச் சேர்த்தது. அது பவளப்பாறைக்கும் கடற்புல்லுக்கும் ஆவுளியா என்கிற கடற்பசுவுக்கும் உரிய இடம். அந்தத் தீவுகளில் நாம் காலை வைக்கக் கூடாது, அதுதான் சரியும்கூட. அதே மாதிரி மனுசருக்கும் ஒரு இடம் கரையில் வேண்டும் என்கிறேன்.

என் அம்மா கதையைச் சொன்னால் புரியும். அம்மாவுக்குச் சுகர். தினமும் அரை மணி நேரமாவது நடக்கச் சொன்னார் டாக்டர். வாரத்துக்கு 150 நிமிடமாவது பெரியவர்கள் உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. சரி, எங்கே நடப்பது? தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு "எங்க போறீக?" என்று கேட்பார்கள். அதனால் அம்மா கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக விடியற்காலையில் நடந்தார். ஒருநாள் மீன் லாரி ஒன்று உரசுகிற மாதிரிப் போனதில், அந்தக் காற்றுக்கே தடுமாறிச் சரளையில் விழுந்துவிட்டார். முழங்கை சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறியது. ஆனால் நடப்பது நின்றுபோனது. ஏறக்குறைய ஒரு வருசம் வீட்டுத் திண்ணையோடு இருந்தார்.

ஊரில் பூங்கா என்று ஒன்று இல்லாமல் இல்லை. மேல்நிலைத் தொட்டிக்குப் பின்னால் சில வருடங்களுக்கு முன்பு கட்டினார்கள். புல்தரை, குரோட்டன்ஸ் செடி, நடுவில் ஒரு நீரூற்று. நம் மாவட்டத்தில் பெய்கிற மழையே வருடத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். நிலத்தடி நீர் உப்பு. ஒரே சித்திரையில் புல் கருகிப் போனது. அதன் பிறகு கேட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். பூட்டின பூங்காவுக்குள் சீமைக்கருவேலம் தானாக வளர்ந்தது. செலவழித்த பணத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. நம் மண்ணுக்கு என்ன வரும் என்று ஊரில் எந்தக் கிழவியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்: பூவரசு, புன்னை, வேம்பு, புங்கை, பனை. உப்புக்காற்றைத் தாங்கி நிற்கிற மரங்கள் இவை.

ஊருணிக்கரைக்கு நாங்கள் போனது அதற்குப் பிறகுதான். ராமநாதபுரம் மாவட்டத்து ஆட்களுக்கு ஊருணியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மழைத் தண்ணீரைத் தேக்கி வருசம் முழுக்கக் குடித்த ஊர்கள் நம்முடையவை. குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் பேசிக்கொண்டிருந்ததும், பஞ்சாயத்து பேசியதும், பிள்ளைகள் விளையாடியதும் அந்தக் கரையில்தான். பைப்பில் தண்ணீர் வந்ததும் கரைக்குப் போகிற வேலை இல்லாமல் போனது, முள் மண்டிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊர்ப் பையன்கள் பொதுப் பணத்தில் ஜேசிபி வைத்துக் கரையைச் சுற்றி முள்ளை வேரோடு எடுத்தார்கள். பூவரசுப் போத்துகளை வெட்டி நட்டார்கள். ஆடு கடிக்காமல் இருக்க, வெட்டிப்போட்ட அதே கருவேல முள்ளைச் சுற்றி அடைத்தார்கள். அப்புறம் நான்கு விளக்குக் கம்பம், நடையாய் நடந்து மனு கொடுத்து வாங்கியது. விழுந்து கிடந்த பனைகளை அறுத்துப் போட்டு உட்கார இடம். பழைய படகுக் கயிற்றில் டயரைக் கட்டி வேப்பங்கிளையில் ஒரு ஊஞ்சல். இவ்வளவுதான் இன்றுவரை.

விளக்கு எரிந்த முதல் வாரமே பெண்கள் வந்தார்கள். பயமில்லாமல் நடக்க அவர்களுக்கு வெளிச்சம்தான் தேவைப்பட்டது. அம்மாவும் வந்தார். கரையை ஐந்து சுற்று சுற்ற வேண்டும் என்று கணக்கு. எண்ணிக்கை மறந்துபோகும் என்று ஐந்து புளியங்கொட்டையை முந்தானையில் முடிந்து கொண்டுவருவார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கொட்டையைப் பனங்கட்டையில் வைப்பார். ஐந்தும் கட்டைக்கு வந்ததும் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது, ஏனென்றால் பக்கத்தில் மேலத்தெரு லாத்தா (முஸ்லிம் வீட்டு அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) இருப்பார். இருவரும் ஒரே ஊரில் ஐம்பது வருசம் வாழ்ந்தவர்கள். கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் பார்த்துக்கொண்டதோடு சரி. இப்போது ஒருவர் வராவிட்டால் மற்றவர் போன் போட்டு விசாரிக்கிறார். சுகர் குறைந்ததா என்றால், கொஞ்சம் குறைந்திருக்கிறது. ராத்திரி நன்றாகத் தூங்குகிறார். அதைவிட, அம்மா சிரிக்கிற சத்தம் வீட்டில் மறுபடியும் கேட்கிறது. எனக்கு அது பெரிய விசயம்.

நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிறவர்கள் வேலையில்லாமல் கரையில் இருப்பார்கள். கையில் காசும் இருக்காது, மனசும் சரியாக இருக்காது. குடியும் சண்டையும் அதிகமாகிற மாதங்கள் அவை. அந்த நேரத்தில்தான் ஊருணியும் வற்றிக் கிடக்கும். அந்தக் காய்ந்த தரையில் வாலிபால் நெட் கட்டினார்கள். சாயங்காலம் அப்பன்கள் விளையாட, பிள்ளைகள் கரையில் உட்கார்ந்து கத்துகிறார்கள். எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நேரத்துக்கு வீட்டு ஆள் எங்கே இருக்கிறார் என்று பெண்களுக்குத் தெரிகிறது. ஐப்பசியில் மழை பெய்தால் நெட்டைக் கழற்றிவிட வேண்டும், தண்ணீர் நிற்கும். ஒரே இடம் ஊருக்கு நீரும் கொடுக்கிறது, விளையாடவும் இடம் கொடுக்கிறது.

பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும் என்பார்கள். பையன்கள் எப்படியும் பந்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வயசுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரத்தை எந்த இடத்தில் கொடுப்பது? எங்கள் தெருவில் ஒன்பதாவது படிக்கிற பெண் சைக்கிள் ஓட்டிப் பழகியது அந்தக் கரையில்தான்.

இன்னும் நிறைய ஊர்களில் இதைச் செய்யலாம், நிலமும் இருக்கிறது. ஈசிஆர் ஓரம் முழுக்க பிளாட் போட்டு விற்கிறார்கள். பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டு மாதிரியான பொது உபயோகத்துக்கு விட வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் பச்சை அடித்த அந்த இடம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையை நர்சிங் ஹோம் கட்டக் கொடுத்தபோது குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மருத்துவமனைக்காகக்கூடப் பூங்காவைப் பறிக்கக் கூடாது என்றால், ஆக்கிரமிப்புக்கு நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

அக்டோபர் 2 அன்று மறுபடியும் கிராம சபை. பெண்களுக்கு ஒரு கழிவறை, இன்னும் இரண்டு விளக்கு, பூட்டிக் கிடக்கிற பழைய பூங்காவின் சாவி: இந்த மூன்றும் எங்கள் மனுவில் இருக்கின்றன. அம்மாவும் லாத்தாவும் முன் வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நம்மூர் ஆட்கள் யார் இதைப் படித்தாலும், அன்றைக்குக் காலையில் வந்து சேருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டுக்கு ஒரு போன் போட்டு அனுப்பி வையுங்கள்.