கடைக்கே வராத ரெக்கார்ட்

சனிக்கிழமை சாயந்திரம் நண்பர்கள் கூடிப் பாட்டுக் கேட்டபோது நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் பொறுத்திருந்தேன். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களும் இதற்குள் அந்த ஸ்கிரீன்ஷாட்களைப் பார்த்திருப்பீர்கள். அதனால் முழுக்கதையும் சொல்லப் போவதில்லை. ஆளுக்கு ஒரு பாட்டு, எழுபதுகளில் வந்ததாக இருந்தால் போதும் என்றார்கள். என் முறை வந்தபோது பிக் ஸ்டார் என்ற அமெரிக்க ராக் பேண்டின் ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ போட்டேன். மூன்று நிமிடம்கூட ஓடாத பாட்டு. பாதி போவதற்குள் நிறுத்திவிட்டு, “யாருக்கும் தெரியாத பேண்டையெல்லாம் போட்டு மூடைக் கெடுக்காதீங்க சார், நல்லா இருந்திருந்தா அப்பவே ஓடியிருக்குமே” என்றார் நம் நண்பர். நாலு பேர் சிரித்தார்கள். அடுத்து எல்லோருக்கும் தெரிந்த பாட்டு வந்தது, எல்லோரும் கூடப் பாடினார்கள்.

பாட்டை நிறுத்தியதை நான் மறந்துவிடுவேன். அந்த வாக்கியம்தான் விடமாட்டேன் என்கிறது. நல்லா இருந்திருந்தா அப்பவே ஓடியிருக்குமே.

ஓடவில்லை, சரி. ஏன் ஓடவில்லை என்று யாராவது ஒருத்தர் கேட்டீர்களா? ஜனங்கள் வாங்கிக் கேட்டுப் பிடிக்காமல் தூக்கிப்போட்ட ரெக்கார்டா அது? கடைக்கே வரவில்லை. கடைக்கு வராத பொருளை யார் வாங்குவது, யார் வேண்டாம் என்பது?

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரம், 1971. கிறிஸ் பெல், அலெக்ஸ் சில்டன், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீஃபன்ஸ் என்று நான்கு பேர், எல்லோரும் இருபதை ஒட்டிய வயது. ஜான் ஃப்ரை என்பவர் நடத்திய ஆர்டென்ட் ஸ்டுடியோவில் இரவெல்லாம் கிடந்து பாட்டுப் பதிவு செய்தார்கள். ஃப்ரை இந்தப் பையன்களுக்கு ஒலிப்பதிவு சொல்லிக்கொடுத்தார், வேலை நேரம் முடிந்ததும் ஸ்டுடியோவை அவர்கள் கையில் விட்டார். நடுவில் தின்பண்டம் வாங்கப் போகும் பலசரக்குக் கடையின் பெயர் பிக் ஸ்டார். அதையே பேண்டுக்கு வைத்தார்கள். முதல் ஆல்பத்துக்கு ‘நம்பர் ஒன் ரெக்கார்ட்’ என்று பெயர். 1972ல் வந்தது. அந்த வயதில், கையில் அப்படிப்பட்ட பாட்டுகளை வைத்துக்கொண்டு, வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

விமர்சகர்கள் அப்போதே பாராட்டினார்கள். எந்தப் பாட்டை எடுத்தாலும் தனி சிங்கிளாக விடலாம் என்று பில்போர்ட் இசைப் பத்திரிகை எழுதியது. வானொலியில் கேட்டு, எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். விற்றுக்கொடுக்க வேண்டிய கம்பெனி ஸ்டாக்ஸ். ஓடிஸ் ரெடிங்கும் ஐசக் ஹேய்ஸும் பாடிய கம்பெனி அது, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையில் அவர்களுக்கு இருந்த பிடி பெரிது. ஆனால் கிட்டார் பாப் ரெக்கார்டை எந்த ஊரில் எந்தக் கடையில் கொண்டுபோய் வைப்பது என்பது அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை. முதல் சுற்றில் 10,000 பிரதிகூட விற்கவில்லை. அப்புறம் ஸ்டாக்ஸின் விநியோகத்தைக் கொலம்பியா என்ற பெரிய ரெக்கார்ட் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஸ்டாக்ஸ் நம்பியிருந்த சிறு விநியோகஸ்தர்களோடு கொலம்பியா தொழில் செய்ய விரும்பவில்லை. கடைகளில் ஏற்கெனவே இருந்த கொஞ்சநஞ்சப் பிரதிகளும் திரும்பிப் போயின.

திரும்பிப் போயின என்று எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது ஆல்பம் ‘ரேடியோ சிட்டி’, 1974. இதில்தான் சனிக்கிழமை நீங்கள் நிறுத்திய பாட்டு இருக்கிறது. அதற்குள் ஸ்டாக்ஸுக்கும் கொலம்பியாவுக்கும் தகராறு முற்றிவிட்டது. கொலம்பியா இந்த ஆல்பத்தைக் கையில் எடுக்கவே இல்லை. சுமார் 20,000 விற்றது என்பார்கள். மூன்றாவது ஆல்பத்தை 1974 கடைசியில் ஜிம் டிக்கின்சன் தயாரிப்பில் பதிவு செய்தார்கள். அதை வாங்க ஒரு கம்பெனியும் வரவில்லை. 1978ல்தான் வெளியே வந்தது, அப்போது பேண்டே இல்லை.

ஆக, மூன்று ஆல்பம். ஒன்று கடையிலிருந்து திரும்பியது, ஒன்று கடையை ஒழுங்காக எட்டவில்லை, ஒன்று மூன்று வருஷத்துக்கு மேல் டேப்பாகவே கிடந்தது. இதில் ஜனங்களின் தீர்ப்பு எங்கே இருக்கிறது?

நான் மெம்ஃபிஸில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன் என்பது பழைய நண்பர்களுக்குத் தெரியும். அங்கே போகும்வரை இந்த பேண்டின் பெயரை நானும் கேட்டதில்லை. 2010 மார்ச் 17, அலெக்ஸ் சில்டன் நியூ ஆர்லியன்ஸில் மாரடைப்பில் இறந்துபோனார். வயது 59. மூன்று நாள் கழித்து டெக்சஸில் ஆஸ்டின் இசை விழாவில், பிற்பாடு மறுபடி சேர்ந்திருந்த பிக் ஸ்டார் மேடை ஏற வேண்டியிருந்தது. சில்டன் இறந்த மறுநாள் ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர், ஓய்வு பெறும் வயதில் இருந்தவர், அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. மதியம் நானாகப் போய் என்ன விஷயம் என்று கேட்டேன். காருக்குக் கூட்டிக்கொண்டு போய், கண்ணாடியை ஏற்றிவிட்டு ‘தர்ட்டீன்’ போட்டார். இரண்டு கிட்டார், இரண்டு குரல், டிரம்ஸ் கிடையாது. பள்ளிக்கூட வயதுப் பையன் ஒருத்தன் தன் மனசை ஒரு பெண்ணிடம் சொல்லப் பார்க்கிறான், அவ்வளவுதான் பாட்டு. முடிந்ததும் அவர் சொன்னது இது: “நான் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவன். 1972ல் எனக்கு இருபது வயது. வாரா வாரம் ரெக்கார்ட் கடைக்குப் போவேன். இந்த ஆல்பத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. பத்து வருஷம் கழித்து ஒருத்தர் கேசட்டில் பதிந்து கொடுத்துத்தான் கேட்டேன்.”

அதே ஊர்க்காரர். அவருக்கே கிடைக்கவில்லை. நம் நண்பர் சொல்கிறார், நல்லா இருந்திருந்தா ஓடியிருக்குமாம்.

அன்று சாயந்திரம் மேடிசன் அவென்யூவில் ஆர்டென்ட் ஸ்டுடியோ வாசலில் காரை நிறுத்தி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது, சாதாரணக் கட்டடம். இந்தச் சுவர்களுக்குள் நாலு பையன்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒரு ஹார்மனியை எத்தனை முறை திருத்தியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

சரி, இப்போது சனிக்கிழமை விஷயத்துக்கு வந்த கமெண்ட்களுக்கு வருகிறேன்.

“இது பீட்டில்ஸ் காப்பி” என்று ஒருவர். பீட்டில்ஸின் மெட்டு அழகும் கிட்டாரின் பலமும் ஒன்றாகச் சேர்ந்ததற்குத்தான் பவர் பாப் என்றே பெயர். பிக் ஸ்டார் மறைக்கவும் இல்லை. ஆனால் ஆண்டைக் கவனியுங்கள். அது நீள நீளமான கிட்டார் சோலோக்களும் ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும் பாட்டுகளும் கொடி கட்டிப் பறந்த காலம். அந்த நேரத்தில் மூன்று நிமிடத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நகர்வது ஓடும் ஆற்றுக்கு எதிரே நீந்துவது போல. அதோடு பீட்டில்ஸில் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது. மெட்டு துள்ளும், குரல் துள்ளாது. ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ கிட்டார் கோயில் மணி மாதிரி கலகலவென்று ஆரம்பிக்கும். ஜோடி ஸ்டீஃபன்ஸின் டிரம்ஸ் எதிர்பாராத இடத்தில் உருண்டு வந்து விழும். நடுவில் சில்டனின் குரல் மட்டும் அழுகைக்கு ஒரு படி முன்னால் நின்றுகொண்டிருக்கும். சந்தோஷமும் துக்கமும் ஒரே சமயத்தில் நெஞ்சை அடைக்கும். காப்பி அடித்து இதைக் கொண்டுவர முடியாது.

“சில்டனுக்கு ஏற்கெனவே பெரிய ஹிட் இருந்ததே, என்ன பாவம்” என்று இன்னொருவர். ஆமாம், 1967ல் பாக்ஸ் டாப்ஸ் என்ற பேண்டோடு 16 வயதில் பாடிய பாட்டு முதலிடம் பிடித்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

“யாருக்கும் தெரியாததைப் பிடித்துக்கொண்டு பெருமை காட்டுகிறாய்” என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது, ஏனென்றால் சொன்னவர் என்னைப் பதினைந்து வருஷமாகத் தெரிந்தவர். யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்று நான் நினைத்தால் உங்கள் முன்னால் ஏன் போடுகிறேன்? எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே அந்த ஒரு வாய்ப்பை இதற்குக் கொடுத்தேன். எனக்குப் பிடித்த, எல்லோருக்கும் தெரிந்த பாட்டு நூறு இருக்கிறது. அதில் ஒன்றைப் போட்டு நானும் கைதட்டு வாங்கியிருக்கலாம்.

இன்னும் ஒன்று. இவர்களை யாருக்கும் தெரியாது என்பதே தப்பு. 1986ல் பேங்கிள்ஸ் பேண்ட் பெண்கள் இதே ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ பாட்டைப் பாடினார்கள். 1987ல் ரீப்ளேஸ்மென்ட்ஸ் பேண்ட் ‘அலெக்ஸ் சில்டன்’ என்று அவர் பெயரிலேயே ஒரு பாட்டுப் போட்டது. ஆர்.இ.எம். பேண்டின் கிட்டாரிஸ்ட் பீட்டர் பக்கில் ஆரம்பித்து ஸ்காட்லாந்தின் டீனேஜ் ஃபேன்கிளப் பேண்ட் வரை, எங்கள் வேர் இங்கே இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் ஏராளம். ‘தட் செவன்டீஸ் ஷோ’ என்ற அமெரிக்க டிவி தொடர் பார்த்திருக்கிறீர்களா? அதன் ஆரம்பப் பாட்டு பெல்லும் சில்டனும் எழுதிய ‘இன் தி ஸ்ட்ரீட்’, பாடியவர்கள் வேறு. அந்தத் தொடர் பார்த்த ஒவ்வொருவரும் பிக் ஸ்டார் பாட்டைக் கேட்டிருக்கிறீர்கள். முதல் ஆல்பத்தின் ஐம்பதாவது ஆண்டில், 2022ல், ஜோடி ஸ்டீஃபன்ஸ் மற்ற இசைக்கலைஞர்களோடு ஊர் ஊராகப் போய் அந்தப் பாட்டுகளை வாசித்தார். நால்வரில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். கடையில் இருந்து திருப்பி அனுப்பிய ரெக்கார்டுக்கு ஐம்பது வருஷம் கழித்து ஆட்கள் டிக்கெட் வாங்கி வருகிறார்கள்.

சில்டனே பிக் ஸ்டாரைப் பெரிதாக நினைக்கவில்லையே, அளவுக்கு மேல் புகழ்கிறார்கள் என்றாரே என்று ஒரு தம்பி மரியாதையாகக் கேட்டிருந்தார். அவர் அப்படிப் பேசியது உண்மை. இதற்கு என்னிடம் முழுசான பதில் இல்லை. எண்பதுகளில் நியூ ஆர்லியன்ஸில் பாத்திரம் கழுவிப் பிழைத்த மனிதர் அவர். தன் நல்ல வருஷங்களை வாங்க ஆளில்லாமல் பார்த்தவர், பிற்பாடு வந்து புகழ்கிறவர்களிடம் என்ன சொல்வார் என்று எனக்கு யூகம்தான் உண்டு.

எனக்கு அவரைவிட கிறிஸ் பெல்தான் மனசில் நிற்கிறார். முதல் ஆல்பத்தின் உயிர் அவர். அது கடைக்குப் போகாமலே முடிந்ததும் 1972லேயே பேண்டை விட்டுப் போய்விட்டார். மனச்சோர்வு அவரைப் போட்டு வாட்டியது. அவருடைய அண்ணன் டேவிட், தம்பி எப்படியாவது தேறிவிட வேண்டும் என்று ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போனார். பிரான்சில் பாட்டுப் பதிவு நடந்தது, அப்புறம் அந்த டேப்போடு லண்டனுக்கு அலைந்தார்கள். யாரும் எடுக்கவில்லை. கடைசியில் மெம்ஃபிஸுக்குத் திரும்பி, குடும்பத்தின் உணவகத்தில் வேலை. 1978ல் ‘ஐ ஆம் த காஸ்மோஸ்’ என்று ஒரே ஒரு சிங்கிள் வந்தது. அதே வருஷம் டிசம்பர் 27, கார் விபத்து. 27 வயது. அந்தப் பாட்டுகள் முழு ஆல்பமாக வந்தது 1992ல்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு என் அண்ணன் ஞாபகம் வந்துவிடும். இதுவரை இங்கே எழுதியதில்லை.

அண்ணன் திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தான். கல்யாணம், கோயில் திருவிழா என்று ஊர் ஊராகப் போவான். 1991ல் தானே மெட்டுப் போட்டு எட்டுப் பாட்டு பதிவு செய்தான். அம்மாவின் இரண்டு வளையல் அதற்குப் போனது. 500 கேசட். விற்றுத் தருகிறேன் என்று ஒரு விநியோகஸ்தர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். ஒரு வருஷம் கழித்து அட்டைப்பெட்டிகள் திரும்பி வந்தன. பிரித்துப் பார்த்தால் கட்டின கயிறுகூட அவிழ்க்கப்படவில்லை. ஒரு கடைக்குக்கூடப் போகவில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து என்ன சொன்னார்கள் தெரியுமா? “பாட்டு ஜனங்களுக்குப் பிடிக்கல போல, விடுப்பா.” அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டிகளைப் பரணில் ஏற்றினான். அதற்கப்புறம் அவன் மெட்டுப் போட்டு நான் கேட்டதில்லை. இப்போது அவனும் இல்லை.

அதனால்தான் சனிக்கிழமை அந்த வாக்கியம் என் காதில் விழுந்தபோது எனக்கு வேறு குரலாகக் கேட்டது. நண்பர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதும் தெரியும். பெட்டியைத் திருப்பி அனுப்பியவர்களும், அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர்களும் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. யாரும் கயிறை மட்டும் அவிழ்க்கவில்லை.

அன்று அங்கே இருந்த பதினெட்டுப் பேருக்கும் சொல்கிறேன். நீங்கள் கேட்டது ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். அடுத்து கிட்டார் சோலோ வரும், அதற்கப்புறம் சில்டன் திரும்ப வந்து பாடுவார். முழுசாக ஒரு தடவை கேளுங்கள், ஹெட்போன் போட்டு, தனியாக. கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் கீழே எழுதுங்கள், நான் சண்டைக்கு வர மாட்டேன்.