லேன் கேபிள் செருகிப் பாருங்கள்

வீட்டு ஃபைபர் இன்டர்நெட்டின் வேகத்தை அறிய, ரூட்டர் பக்கத்தில் நின்று மொபைலில் சோதித்தாலே போதும் என்கிறது அதைப் பற்றிய கட்டுரை. போதாது சார். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் 100 எம்பிபிஎஸ் பிளான்கூடப் பாதியாகத் தெரியலாம். அது வைஃபையின் வேகம், ஃபைபருடையது இல்லை. ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு லேன் கேபிள் செருகி, வைஃபையை அணைத்துவிட்டுப் பாருங்கள். 300 எம்பிபிஎஸ் பிளானில் 95ஐத் தாண்டவே இல்லையென்றால் கம்பெனியைத் திட்டுமுன் கேபிளைப் பாருங்கள்; உள்ளே இருக்கும் நாலு ஜோடிக் கம்பியில் ஒன்று தொடாவிட்டாலும் இணைப்பு 100க்கு இறங்கிவிடலாம். மண்டபம், பாம்பன் பக்கம் இது சகஜம். கண்ணாடி இழையை உப்புக்காற்று ஒன்றும் செய்யாது, உலோக முனைகளைத்தான் அரிக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் போஸ்ட்டில் தொங்கும் ஃபைபர் மடங்கினால் உள்ளே வரும் வெளிச்சமும் குறையும். லைன்மேன் வந்தால் அந்த வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது என்று கேளுங்கள். மைனஸ் 27 டிபிஎம்முக்கு (வெளிச்சத்தின் அளவு) கீழே, அதாவது மைனஸ் 28, 29 என்று போனால் மோடம் தடுமாறும். ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க’ என்று சொல்லிவிட்டுக் கிளம்ப விடாதீர்கள்.

வேகம் பார்க்கும் டெஸ்ட் ஆப் பெரும்பாலும் பக்கத்து சர்வரைத்தான் பிடிக்கும். கீழக்கரையிலிருந்து துபாய்க்கு வீடியோ கால் பேசுகிறவர்களுக்கு அந்த எண்ணால் என்ன பயன்? துபாய் சர்வரைத் தேர்ந்தெடுத்து, ராத்திரி ஒன்பது மணி வாக்கில் பிங்கையும் (சர்வர் பதில் தர எடுக்கும் நேரம்) அப்லோடையும் பாருங்கள்.