ஓர்க் குட்டி என்ன பாவம் செய்தது?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதையாக ஆடும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதை விளையாடுகிறவர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. அதில் எதிரிகளாக வரும் ஓர்க், கோப்ளின் மாதிரிக் கற்பனை இனங்கள் பிறவியிலேயே கெட்டவையா? ஆமாம் என்று வைத்துக்கொண்டால் வேலை சுலபம். பார்த்ததும் வெட்டலாம், மனசும் உறுத்தாது. நான் அதற்கு எதிர்க்கட்சி. கும்பகோணம் பக்கம் வளர்ந்தவனுக்கு வேறு கட்சி சரிப்பட்டு வராது.

நவக்கிரகத் தலங்கள் ஒன்பதும் டெல்டாவில்தான் இருக்கின்றன. திருநாகேசுவரத்தில் ராகுவுக்குத் தனிச் சன்னதி. அபிஷேகப் பால் நீலமாக இறங்கும் என்று நம்பி, ராகு காலத்தில் கூட்டம் அலைமோதும். கீழப்பெரும்பள்ளத்தில் கேது. அமுதத்தைக் கள்ளத்தனமாகக் குடித்து வெட்டுப்பட்ட ஒரே அசுரனின் இரண்டு துண்டுகள்தான் இவர்கள். கஞ்சனூர் சுக்கிரன் தலம். அவரோ அசுரர்களுக்கே வாத்தியார்! பிள்ளைக்குக் கல்யாணம் தள்ளிப்போனால் நம் அம்மாக்கள் அங்கே போய்த்தான் அர்ச்சனை செய்கிறார்கள். அசுரன் என்றாலே ஆகாது என்றால் இவர்களை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அப்புறம் மெலட்டூர் பாகவத மேளா. நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பிரகலாத சரித்திரத்தில் இரணியனும் அசுரன், பிரகலாதனும் அசுரன். குணம் ரத்தத்தில் வருமென்றால் அந்த நாடகத்துக்குக் கதையே கிடையாது.

விளையாட்டு 1974இல் வந்தது. 1977இல் வெளியான மான்ஸ்டர் மேனுவல் என்ற ஜந்துப் பட்டியல் புத்தகத்தில் ஒவ்வொரு ஜந்துவுக்கும் ஒரு 'அலைன்மென்ட்', அதாவது நல்லதா கெட்டதா, ஒழுங்குள்ளதா இல்லாததா என்ற முத்திரை, அச்சடித்துக் கொடுத்தார்கள். ஓர்க்குக்குக் கிடைத்தது, ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட தீயவன். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதே ஓர்க் பெரும்பாலும் ஒழுங்குகெட்ட தீயவன். ஒழுங்கு போச்சு, தீமை மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. ஆனால் அந்த 1977 புத்தகமே ஓர்க்குகளின் குகையில் பெண்களும் குட்டிகளும் இருப்பார்கள் என்றும் எழுதிவைத்திருக்கிறது. சிக்கல் அங்கேதான்.

எங்கள் மேசையிலும் அது வந்தது. நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவன். கல்லூரிப் பையன்கள் நாலு பேர் கோப்ளின் வீரர்களையெல்லாம் தீர்த்துவிட்டு உள் அறைக்குப் போனால், மூலையில் குட்டிகள். "அண்ணா, இதுங்கள என்ன பண்றது?" என்றான் ஒருவன். "கெட்டதுன்னு புக்லயே போட்டிருக்குடா" என்றான் இன்னொருவன். மிச்ச நேரம் பூரா வாக்குவாதம், பகடையை யாரும் தொடவில்லை. நான் வாயே திறக்கவில்லை, அதுதான் டிஎம்முக்கு மரியாதை.

'புக்லயே போட்டிருக்கு' என்பது நம் ஊரில் சும்மா சொல்லிவிட்டுப் போகிற வாக்கியம் இல்லை. குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் வடக்கே தொடங்கி, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இன்ன சாதியில் பிறந்தால் குற்றவாளி, அவ்வளவுதான். கைரேகை கொடுக்க வேண்டும், ஆஜராகிக் கணக்குக் காட்ட வேண்டும், ஊர்விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும். நாடு முழுக்க அது ஒழிய 1952 ஆனது. வெள்ளைக்காரன் மனிதர்களுக்கே அலைன்மென்ட் எழுதிய பிரதேசத்தில் உட்கார்ந்துகொண்டு, 'இது வெறும் விளையாட்டு' என்று என்னால் தோளைக் குலுக்க முடியவில்லை.

'வேலை முடிந்து வந்து ரெண்டு மணி நேரம் ஜாலியாக வெட்டுகிறேன், அங்கேயும் நீதி விசாரணையா?' என்று கேட்பவர்களை எனக்குப் புரியும். தாராளமாக வெட்டுங்கள். எழுந்து நடக்கும் எலும்புக்கூடு இருக்கிறது, நரகத்திலிருந்து நேராக வந்த பேய் இருக்கிறது, கிராமத்தைக் கொளுத்திய கொள்ளைக்கூட்டம் இருக்கிறது. குட்டி போட்டு வளர்க்கிற எதுவும் பிறவித் தீமை ஆகாது, அதுமட்டும்தான் என் மேசைச் சட்டம்.

ஆனால் விளையாட்டை வெளியிடும் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்த தீர்வும் எனக்கு ஒப்பவில்லை. ஓர்க்குகளும் மனிதர்களைப் போல சிக்கலானவர்கள் என்று 2020இல் அறிவித்தார்கள், நல்லது. 2024இல் ஆடுகிறவர்களே ஓர்க்காக விளையாடலாம் என்று மைய விதிப் புத்தகத்தில் சேர்த்தார்கள், ரொம்ப நல்லது. 2025 மான்ஸ்டர் மேனுவலிலோ ஓர்க்குக்குப் பக்கமே இல்லை! கெட்டவன் என்று சொல்லக் கூடாது என்றால் எதிரியாகவே வரக்கூடாதா? இதில் சோம்பேறித்தனம்தான் தெரிகிறது.

சூரபத்மனை எதிரி இல்லை என்று யாராவது சொல்வார்களா? தவம் செய்தான், வரம் வாங்கினான், தலைக்கேறியது, தேவர்களைச் சிறையில் போட்டான். அவன் செய்ததற்குத்தான் சிக்கல் என்ற ஊரில் முருகன் வேல் வாங்கினார். வேல் வாங்கும் நாளில் சிங்காரவேலர் முகத்தில் வியர்க்கும் என்பார்கள், அவ்வளவு பெரிய எதிரி. கடைசியில் மாமரமாக நின்றவனைப் பிளந்து, பாதி மயில், பாதி சேவல். வாகனமும் கொடியும் அவனே. அந்த அளவுக்கு ஒரு ஓர்க் தலைவனை எழுதிக் கொடுங்கள், மூன்று மாதம் விளையாடுகிறோம்.

அடுத்த கதைக்கு அப்படி ஒருத்தனை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். வரம் என்ன என்பதுவரை முடிவாகிவிட்டது, கொடுத்தது யார் என்பதில்தான் இழுபறி. மேசையில் இரண்டு இடம் காலி. மயிலாடுதுறை, கும்பகோணம் பக்கம் ஆள் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், பகடை நான் தருகிறேன்.