ஐஐடியில் டிசைன் படிக்க ஜேஇஇ வேண்டுமா?

'ஐஐடியில் பி.டிஸ் (டிசைன் இளநிலைப் பட்டம்) படிக்க ஜேஇஇ எழுத வேண்டும், பிளஸ் டூவில் கணிதம் இல்லாதவர் விண்ணப்பிக்கவே முடியாது' என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

இதற்கான நுழைவுத்தேர்வு யூசீட். ஐஐடி மும்பை நடத்துகிறது. அறிவியல், வணிகவியல், கலைப்பிரிவு என யாரும் எழுதலாம். மும்பை வளாகம் மூன்று பிரிவினரையும் சேர்க்கிறது. சில வளாகங்களில் மட்டும் பாட நிபந்தனை உண்டு. வதந்திக்கு விதை அதுவாக இருக்கலாம். அந்தந்த ஆண்டுத் தகவல் கையேட்டில் வளாகம் வாரியாகப் பாருங்கள்.

'படம் வரையத் தெரிந்தால் போதும்' என்பதும் பாதி உண்மைதான். 2024 முதல் உள்ள முறையில் மொத்தம் 300 மதிப்பெண். கணினியில் 2 மணி நேரம் எழுதும் முதல் பகுதிக்கு 200. அடுத்த 1 மணி நேரத்தில் தாளில் விடையளிக்க இரண்டு கேள்விகள், ஒன்று வரைதல், மற்றது வடிவமைப்புத் திறன், தலா 50. முதல் பகுதியில் தகுதி மதிப்பெண் எட்டாவிட்டால் வரைந்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் ஓவியத்தில் கெட்டிக்காரர்களும் முப்பரிமாண வடிவக் கேள்விகளில் சறுக்கி வெளியேறுகிறார்கள். எண்ணாக விடை எழுதும் கேள்விகளுக்கு மைனஸ் மதிப்பெண் கிடையாது, காலியாக விடாதீர்கள்.

தேர்வை அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு முறைதான் எழுதலாம். தரவரிசை வந்ததும் இடம் தானாக வராது: பி.டிஸ் சேர்க்கைக்குத் தனியாக விண்ணப்பித்து, வளாகங்களை விருப்ப வரிசையில் குறிக்க வேண்டும். நல்ல தரவரிசை இருந்தும் இதைத் தவறவிட்டால் அந்த ஆண்டு போனதுதான்.