தொடச் சொல்லிவிட்டு இயங்காத கலை

கலைக் கண்காட்சிகளில் 'தொட்டுப் பாருங்கள்' என்று எழுதி, பக்கத்திலேயே 'தற்போது இயங்கவில்லை' என்று ஓர் அட்டையையும் மாட்டுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பார்வையாளர் அசைந்தால் அசையும் கலைக்குத் திறப்பு விழாவோடு வேலை முடிவதில்லை. டேனியல் ரோசின் என்ற கலைஞர் 1999இல் செய்த மரக்கண்ணாடியில் 830 மரத்துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். அவை சாய்ந்து சாய்ந்தே எதிரில் நிற்பவரின் உருவத்தைக் காட்டும். அத்தனையையும் கவனிக்க ஆள் வேண்டாமா?

கெடுப்பதெல்லாம் சின்ன விஷயங்கள். கரண்ட் திடீரென்று போனால் உள்ளே இருக்கும் குட்டிக் கணினியின் மெமரி கார்டு கெட்டுப்போகலாம். அதில் எதுவும் எழுதப்படாதபடி, வாசிக்க மட்டும் என்று அமைத்துவிட்டால் பெரும்பாலும் தப்பும். செய்பவர்கள் குறைவு. ஆள் வருவதைக் கண்டறியும் பி.ஐ.ஆர். சென்சாருக்கு உடற்சூட்டின் நகர்வுதான் தெரியும். அசையாமல் நின்று ரசிப்பவர் அதன் கணக்கில் இல்லை. அறை 35 டிகிரியை நெருங்கினால் நடப்பவரையும் கோட்டைவிடும். அகச்சிவப்புக் கேமராவை ஜன்னல் வெயிலுக்கு நேரே வைப்பது இன்னொரு கொடுமை; வெயிலிலும் அகச்சிவப்பு இருப்பதால் அது குழம்பிவிடும்.

பொத்தானை அழுத்தியதும் 0.1 நொடிக்குள் ஏதாவது நடக்க வேண்டும், ஒரு விளக்காவது எரியட்டும். இல்லையென்றால் பிள்ளைகள் குத்திக்கொண்டே இருப்பார்கள், சுவிட்ச் போய்விடும். ஆர்கேட் விளையாட்டு இயந்திரங்களில் இருக்கும் பொத்தானைப் போட்டால் அடியிலுள்ள மைக்ரோசுவிட்ச் என்ற சின்ன சுவிட்சை மட்டும் கழற்றி மாற்றலாம். பத்து உபரி வாங்கி வையுங்கள். மாற்றத் தெரிந்த ஒருவரையும் கண்காட்சி முடியும்வரை சம்பளத்தில் வையுங்கள்.