வாயைத் திறந்து பார்க்க எதற்கு லைசென்ஸ்?

அந்த ஸ்க்ரீன்ஷாட்டை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். ஆரம்ப சுகாதார நிலைய (பி.எச்.சி.) டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் வாயைப் பரிசோதிக்க நாங்கள் பயிற்சி கொடுத்ததைக் கேலி செய்து நம் பல் மருத்துவர்கள் குழுவில் அந்த மூத்தவர் எழுதியது, கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி போட்டவர்கள், "இனி ஆயாம்மாவே ரூட் கெனால் பண்ணிடுவாங்க" என்று அதற்கு மெருகேற்றியவர்கள், எல்லாம் பார்த்தாகிவிட்டது. அவர் பெயரை இங்கே போடமாட்டேன். போட்டால் இரண்டு நாளைக்கு இலவச விளம்பரம்.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் நாங்கள் அன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தோம்? டார்ச் அடித்து வாய்க்குள் பார்ப்பது. கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரண்டு ஓரம், நாக்குக்கு அடியில், ஈறு. வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தெரிந்தால், இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் இருந்தால், அது வாய்ப்புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம், மேல்சிகிச்சைக்கு எழுதி அனுப்பு. அவரவர் மூன்று விரலை நிறுத்தினால் வாய்க்குள் நுழையவில்லையா, அனுப்பு. தடுப்பூசிக்கு வரும் குழந்தையின் மேல் உதட்டைத் தூக்கிப் பார். முன்பல்லில் ஈறை ஒட்டி வெளுப்பு, அதாவது சொத்தையின் ஆரம்பம், தெரிந்தால், இரவில் சர்க்கரை போட்ட பால் புட்டியோடு தூங்குகிறதா என்று அம்மாவிடம் கேள். அவ்வளவுதான். டிரில் கிடையாது, மரப்பு ஊசி கிடையாது, கொறடு கிடையாது. இதில் எங்கே ஐயா ரூட் கெனால் வந்தது?

இன்னொரு விஷயம். இது நாங்களாகக் கிளப்பிய வேலையும் இல்லை. 30 வயது தாண்டியவர்களுக்கு வாய்ப் பரிசோதனை செய்ய வேண்டும், அதை அடிமட்ட சுகாதாரப் பணியாளர்களே செய்யலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் 2016-லேயே வந்துவிட்டது. பிறகு 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் என்ன வந்தது தெரியுமா? 30 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது வாய்ப்புற்றுநோய்க்காக வாயைக் காட்டிய பெண்கள் 0.9 சதவீதம், ஆண்கள் 1.2 சதவீதம். நூற்றுக்கு ஒருவர். இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முதலிடத்தில் இருக்கும் நாட்டில்! செய் என்று உத்தரவு போட்டாகிவிட்டது. எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. சொல்லிக்கொடுக்கப் போனால் சிரிப்பு எமோஜி.

"டாக்டர் இல்லாதவர்கள் பார்த்தால் தப்பாகச் சொல்லிவிடுவார்களே?" என்று கொஞ்சம் மரியாதையாகக் கேட்டவர்களுக்கு மரியாதையாகவே பதில் சொல்கிறேன். பக்கத்தில் திருவனந்தபுரத்தில் 1996-ல் தொடங்கி லட்சக்கணக்கானவர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற பட்டதாரிகள். 2005-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இதை நாம் எல்லோரும் கம்யூனிட்டி டென்டிஸ்ட்ரி பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவர்கள்தானே? பரீட்சையில் எழுதலாம், பக்கத்து ஊர் பி.எச்.சி.யில் செய்யக் கூடாதா?

என் அத்தையைப் பற்றி இங்கே முன்பு எழுதியதில்லை. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். மலையில் வெற்றிலை பாக்கோடு புகையிலை சேர்த்து அடக்கிக்கொள்வது குளிருக்கும் பசிக்கும் சேர்த்து. பல் வலித்தால் மருந்தும் அதே புகையிலைதான். மாதம் தவறாமல் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கப் போவார். கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்த்தார்கள், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், எடை பார்த்தார்கள். கன்னத்தில் எரிச்சல் என்று சொன்னபோது பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தார்கள். அடுத்த மாதமும் பி காம்ப்ளெக்ஸ். அவரை அங்கே எல்லோருக்கும் பெயர் சொல்லித் தெரியும், அன்பாகத்தான் நடத்தினார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் "ஆ காட்டுங்கம்மா" என்று ஒருவர் சொல்லவில்லை. சோற்று உருண்டை வாய்க்குள் போகாத அளவுக்கு ஆன பிறகுதான் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனார்கள். அதற்குள் கழுத்தில் கட்டி. தாடையில் பாதியை எடுத்தார்கள், அப்புறம் கஞ்சிதான், அதுவும் ஒரு வருஷம் ஓடவில்லை. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நர்ஸம்மாவை நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன். யார் சொல்லிக்கொடுத்தார்கள் அவருக்கு? டாக்டருக்கே யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எம்பிபிஎஸ் படிப்பில் கண்ணுக்குத் தனிப் பரீட்சை உண்டு, காது மூக்கு தொண்டைக்குத் தனிப் பரீட்சை உண்டு. நடுவில் இருக்கும் வாய் மட்டும் யாருடையது என்றே தெரியாமல் விட்டுவிட்டார்கள். தொண்டையைப் பார்க்க மரக்குச்சியால் நாக்கை அமுக்கும் டாக்டருக்கு, குச்சியின் இரண்டு பக்கமும் இருப்பது கண்ணில் படாது.

சரி, அடுத்த குற்றச்சாட்டு. "பிடிஎஸ் முடித்த பல் டாக்டர்கள் வேலை இல்லாமல் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது நர்ஸுக்கு எதற்குப் பயிற்சி? எங்களை நியமிக்கச் சொல்லிப் போராடுங்கள்." போராடலாமே, நான் முதல் ஆளாக வருகிறேன். ஒவ்வொரு பி.எச்.சி.யிலும் ஒரு பல் டாக்டர் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அவர் சேரோடும் கம்ப்ரஸரோடும் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பார். வலி வந்தவர்தான் அவரிடம் போவார். வெள்ளைத் திட்டு வலிக்காது. வலிக்காத ஒன்றை, வேறு எதற்கோ வந்த இடத்தில் வேறு யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் தொடங்கியதிலிருந்து மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. மாத்திரை கொண்டுபோகிறவர் வாயையும் ஒரு தடவை பார்த்தால் யாருடைய நியமனம் ரத்தாகிறது? கூரையில் புகை வருகிறது என்று ஓடிவந்து சொன்னவளை, "நீ தீயணைப்புத் துறையில் பாஸ் பண்ணினாயா" என்று கேட்கும் கதையாக இருக்கிறது இது.

வருமானம் போய்விடும் என்று வெளிப்படையாகச் சொன்ன அந்த ஒருவர்மேல் எனக்கு உண்மையில் கோபமே இல்லை. நேர்மையானவர். அவருக்கு மட்டும் ஒரு தகவல்: அமெரிக்காவில் வட கரோலினாவில் 2000-வாக்கிலிருந்தே குழந்தை மருத்துவர்களும் குடும்ப மருத்துவர்களும் ஏழைக் குழந்தைகளின் பல்லில் சொத்தை வராமல் தடுக்கும் ஃப்ளோரைடு வார்னிஷ் தடவுகிறார்கள். அங்கே பல் டாக்டர்கள் யாரும் சோற்றுக்கு அலைந்ததாகக் கேள்விப்படவில்லை.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தண்ணீரிலேயே ஃப்ளோரைடு அதிகம், அதனால் பல் பழுப்பேறும், அங்கே போய் இந்தப் பரிசோதனையைச் செய்வீர்களா என்று கேட்டவரே, நல்ல கேள்வி. பழுப்பேறிய பல்லுக்கும் சொத்தைக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்குத்தான் பயிற்சி.

விஎச்என்களுக்கு, அதாவது கிராம சுகாதார நர்ஸ்களுக்கு, ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை என்பது உண்மை. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, டெங்கு, போர்ட்டலில் பதிவேற்றம் என்று அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். அதை அவர்கள் சொல்லட்டும். ஏசி கிளினிக்கில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் சொல்லாதீர்கள்.

எனக்கு உண்மையில் வலித்தது அந்த மூத்தவர் எழுதியதுகூட இல்லை. அவர் எப்போதும் அப்படித்தான். பயிற்சிக்கு வந்த நர்ஸ் ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவரின் வாயை மறுபடி மறுபடி பார்த்து நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தார். நான் மகிழ்ச்சியாகப் போட்ட அந்தப் போட்டோவில் அவர் இருக்கிறார். அந்தப் போட்டோவுக்குக் கீழேதான் "ஆயாம்மா" என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் போன் இருக்கிறது, அவருக்கும் தமிழ் படிக்கத் தெரியும். சிரித்தவர்களில் என் பேட்ச்மேட்களும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பெடுக்க வாருங்கள் என்று நான் கூப்பிட்டபோது "கிளினிக் இருக்குடி" என்றவர்கள். எமோஜி போட மட்டும் நேரம் கிடைத்திருக்கிறது.

அடுத்த மாதம் வேறு வட்டாரத்துக்குப் போகிறோம். ஸ்லைடு வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், தருகிறேன். தொழில் தர்மம் பற்றி எனக்குப் பாடம் எடுக்க ஆசைப்படுபவர்கள் நேரில் வந்து அந்த நர்ஸ்கள் முன்னால் எடுக்கலாம். மத்தியானச் சாப்பாடு உண்டு.